பொட்டலக் காவல்

ஆரணி பஸ் ஸ்டாண்டில் கல்யாணப் பார்ட்டியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற வித்தை பெரியநாயகத்துக்குக் கைவந்திருந்தது. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு பக்கமும் சந்தேகமாகப் பார்க்கும் ஒரு அம்மாள், பின்னால் வெயிலைத் திட்டிக்கொண்டே இறங்கும் ஒரு ஆண்பிள்ளை, இருவருக்கும் நடுவில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கும் ஒரு பெண். இப்படி ஒரு கூட்டம் இறங்கினால் பட்டு எடுக்கத்தான் வந்திருக்கிறது. தெள்ளார், தேசூர்ப் பக்கத்து ஜனங்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். கடலூர், சேலம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் தங்குவார்கள். தங்குகிற பார்ட்டி என்றால் தரகர் பெரியநாயகத்துக்கு இரண்டு பக்கத்திலும் வரும்படி.

ஒரு பக்கம் புடவையில். நெசவாளர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கூட்டிப்போய், நல்லதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் விற்றவர் தருகிற தரகு. அது ஊரறிந்த தொழில், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவர் தறியில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவர். பட்டின் தரம் அவர் விரலுக்குத் தெரியும், யாரையும் மட்டமான புடவையை வாங்க விட்டதில்லை. அந்த விஷயத்தில் அவர் யோக்கியர்தான்.

இன்னொரு பக்கம் பூங்காவனம் லாட்ஜில். பேரில் இருந்த பூங்காவனம் அந்தக் கட்டடத்தில் எங்கேயும் இல்லை, வாசலில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது. அதன் மேனேஜர் சடையப்பன். தரகர் கூட்டிவந்த பார்ட்டி எது, தானாக வந்த ஆள் எது என்று அடையாளம் தெரிவதற்கு அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அறைச் சாவியின் வளையத்தில் தரகர் ஒரு துண்டுப் பட்டு நூலைக் கட்டிவிடுவார். ஆளுக்கு ஒரு நிறம். இன்னொரு தரகர் ரங்கசாமிக்கு மஞ்சள், பெரியநாயகத்துக்குக் கிளிப்பச்சை. நூல் கட்டிய சாவி திரும்பி வந்தால், பில்லில் வாடகைக்குக் கீழே சில வரிகள் முளைக்கும். விசிறிக்கு இவ்வளவு, வெந்நீருக்கு இவ்வளவு, தலையணை உறைக்கு இவ்வளவு. வந்த அன்றைக்கு வாடகையை மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். ஊருக்குப் போகிற பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போது சண்டை போட யாருக்கும் தெம்பிருக்காது. கொடுத்துவிட்டு, ஊர் போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே போவார்கள். முளைத்ததில் பாதி லாட்ஜுக்கு, பாதி நூலின் சொந்தக்காரருக்கு.

அந்த வரிகளில் 'பொட்டலக் காவல்' என்ற ஒன்று பெரியநாயகத்தின் சொந்தக் கற்பனை. வாங்கின பட்டை லாட்ஜ் பீரோவில் வைத்துக் காப்பதற்கான கூலி. பீரோவில் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, பட்டு வாங்கியிருந்தால் கூலி உண்டு. அவர் இதைச் சொன்ன அன்று சடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்து கைகொடுத்தார்.

பெரியநாயகம் தெய்வ பயம் இல்லாதவர் அல்ல. மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டது, வெள்ளிக்கிழமையில் கறி தின்றது எல்லாவற்றையும் சாமியாரிடம் முழங்காலில் நின்று சொல்வார். லாட்ஜ் விஷயம் பாவத்தோடு சேர்ந்தது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வியாபாரத்தில் ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

எண்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் கழிந்த கோடையில், அவருடைய ஒரே பெண் ஆரோக்கியசெல்விக்குத் திருச்சியிலிருந்து சம்பந்தம் கூடி வந்தது. பையன் ரயில்வேயில் கிளார்க். பெண் ஆசிரியப் பயிற்சி முடித்து, கன்னியாஸ்திரீகள் நடத்தும் கன்னிமார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேளாங்கண்ணியில் வைத்துப் பெண் பார்த்தாயிற்று, இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிற்று. அன்றிலிருந்து ஆரோக்கியசெல்வி பரீட்சைத்தாள் திருத்தும்போதுகூடத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். இனிப் பையனின் அப்பாவும் அம்மாவும் ஆரணிக்கு வந்து, பேச்சை உறுதி செய்து, கல்யாணத்துக்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற புடவையையும் இங்கேயே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

உறுதி செய்வதற்கு முன்னால் பெண் வீட்டில் தங்குவது முறையில்லை. பங்குச் சாமியார் தம் பங்களாவில் ஒரு அறை காலியாக இருப்பதாகச் சொன்னார். பெரியநாயகத்தின் மனைவி அந்தோணியம்மாளுக்கு அது போதும் என்று பட்டது. புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமியார் பங்களால தங்க வெச்சா சத்திரத்துல தங்க வெச்ச மாதிரி இருக்கும். லாட்ஜுல என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்குது" என்றார்.

இருந்த மரியாதை என்னவென்று பின்னால் தெரிந்தது.

செஞ்சி, சேத்துப்பட்டு வழியாக வந்த பஸ்ஸிலிருந்து சம்பந்திகள் இறங்கினார்கள். அப்பா இன்னாசிமுத்து, ரயிலில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல் அத்தனை தூரம் எப்படி வந்தார் என்பது ஆச்சரியம். அந்த அம்மாளும், எல்லா அம்மாள்களையும் போலவே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெரியநாயகம் பெட்டியை வாங்கிக்கொண்டு வழக்கமான நடையில், வழக்கமான பேச்சோடு லாட்ஜுக்கு அழைத்துப் போனார். கவுண்ட்டரில் சடையப்பன் சாவியை நீட்டினார். சேத்துப்பட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு எப்படிக் குண்டும் குழியுமாக இருக்கிறது என்பதை இன்னாசிமுத்து சொல்ல, பெரியநாயகம் ஆமாம் போட்டுக்கொண்டிருக்க, அவர் கை சட்டைப் பைக்குள் போய் நூலோடு வந்தது. தறியில் அறுந்த இழையைப் பிணைக்கிற முடிச்சு அது. கண்ணால் பார்க்காமலே போட்டுவிடலாம், அவிழ்க்கத்தான் ஆகாது, கத்தரிக்கோல் வேண்டும். எத்தனையோ வருஷமாக அந்தக் கவுண்ட்டருக்கு முன்னால் அந்தக் கை செய்து பழகின வேலையை அன்றும் செய்து முடித்தது.

மாடி ஏறி அறை வாசலில் நின்றபோதுதான் சம்பந்தியம்மாள் புருஷன் கையிலிருந்த சாவியைப் பார்த்துச் சிரித்தாள். "சாவிக்குக்கூட பட்டு கட்டியிருக்காங்க பாருங்க. ஆரணின்னா ஆரணிதான்."

பெரியநாயகம் அப்போதுதான் தன் நூலைக் கவனித்தார். சாவியைக் கொடுங்கள், நான் திறக்கிறேன் என்று கையை நீட்டினார். ஆயுசு முழுக்க ரயிலுக்குக் கொடி காட்டின மனிதர் சாவியையும் விசிலையும் பிறத்தியாரிடம் கொடுத்துப் பழகியவர் அல்ல. தானே திறந்தார், திறந்து பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த அடி அறைக்குள் காத்திருந்தது. இத்தனை வருஷத்தில் பெரியநாயகம் அந்த மாடிப்படியில் ஏறியதே இல்லை. பார்ட்டியைக் கவுண்ட்டரில் விடுவார், கவுண்ட்டரில் பார்ப்பார், அவ்வளவுதான். எத்தனையோ குடும்பங்களை மேலே அனுப்பியவர் அன்றைக்குத்தான் மேலே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தார். கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல். மெத்தை விரிப்பில் யாருடைய எண்ணெய்த் தலையோ படிந்த வட்டம். சுவரோரம் மூட்டைப்பூச்சியை நசுக்கின கோடுகள், பல பேர் பல நாள் பாடுபட்டிருந்தார்கள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. குழாயைத் திருகினால் காற்று வந்தது.

"நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றார் இன்னாசிமுத்து, ஜன்னல் பக்கம் பார்த்து.

வேறு இடம் பார்க்கலாம் என்று பெரியநாயகம் திக்கித் திணறிச் சொன்னார். எதற்குச் சிரமம், இரண்டு பொழுதுதானே என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் அதற்குள் தன் முந்தானையால் கட்டிலைத் தட்ட ஆரம்பித்திருந்தாள். பெரியநாயகம் அந்த விரிப்பை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

கீழே வந்து கவுண்ட்டரில் சாய்ந்தார். சொல்லிவிட வேண்டியதுதான். இவர்கள் என் சம்பந்திகள், அந்த நூலைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்றது. மற்ற வார்த்தைகளையெல்லாம் நாக்கில் எண்ணெய் தடவினாற்போல் பேசுகிறவருக்கு இது ஏன் வரவில்லை? என் ஜனங்களிடம் மட்டும் பிடுங்காதே என்று சொன்னால், மற்றவர்களிடம் செய்தது பிடுங்கல் என்று ஆகிவிடும். இத்தனை வருஷமாக அதற்கு அவர் அந்தப் பேரை வைத்ததே இல்லை. அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே குடிக்கத் தண்ணீர் கேட்டு இன்னாசிமுத்து இறங்கி வந்துவிட்டார், பேச்சு அதோடு நின்றது.

திரும்பி நடக்கிற வழியில் ஒரு சமாதானம் கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில் முன்னாலேயே போய் முழு பில்லையும் தானே கட்டிவிடுவது. சம்பந்திகள் கண்ணில் அந்தக் காகிதமே படாது. முளைத்த வரிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தாலும், அதில் பாதி தன் பைக்கே திரும்பிவிடும். இந்தக் கடைசி யோசனை வந்ததும் பெரியநாயகம் நடுத்தெருவில் கொஞ்சம் சிரித்தும்விட்டார். மனிதனுக்குப் புத்தி இருக்க வேண்டிய நேரத்தில் சாமர்த்தியம் வந்து உட்கார்ந்துகொண்டால் இப்படித்தான் ஆகும்.

அன்று பிற்பகல் வீரபாகு என்ற நெசவாளர் வீட்டில் புடவை எடுத்தார்கள். அரக்கு உடல், பொடிக் கட்டம், அளவான ஜரிகை. பெரியநாயகம் வீரபாகுவைத் தனியாக அழைத்து, இது என் பெண்ணுக்கு மந்திரிக்கிற புடவை, இதில் எனக்குத் தரகு வேண்டாம், அதையும் விலையில் கழித்துவிடு என்றார். மனசாரச் சொன்னார். வீரபாகுவுக்கு அதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, சம்பந்திகளிடமே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை சேத்துப்பட்டு மாதா கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அழைத்துப் போக வந்த பெரியநாயகம், படியிறங்கி வந்த இன்னாசிமுத்துவின் கழுத்தைப் பார்த்தார். வெள்ளைக் காலருக்கு மேலே வரிசையாகச் சிவந்த தடிப்புகள். அந்த அம்மாளின் கண்கள் வீங்கியிருந்தன. நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டுத் தொலைத்தார், கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பிரமாதமா தூங்கினோம் சம்பந்தி" என்றார் இன்னாசிமுத்து. அந்த அம்மாள் மட்டும், குளிக்கும்போது இவர் கதவுக்கு வெளியே காவல் நின்றதாகச் சொல்லிச் சிரித்தாள். குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னாள்.  ஒரு பெண்பிள்ளை தாழ்ப்பாளில்லாத இடத்தில் குளிக்க, புருஷன் வாசலில் நிற்பதற்குப் பேர் தன் மரியாதையா என்று பெரியநாயகம் கூசினார்.

சேத்துப்பட்டில் மாதாவுக்கு முன்னால் நின்று பேச்சை உறுதி செய்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு ஊர்க் கோயிலிலும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. வெளியே வேப்பமர நிழலில் இன்னாசிமுத்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புடவையில தரகு வேண்டாம்னு சொன்னீங்களாமே. அந்த நெசவாளர் சொன்னாரு. எனக்கு ரொம்ப சந்தோஷங்க. பணம் காசு வரும் போகும், இந்த மாதிரி மனுஷங்ககூட சம்பந்தம் கிடைக்கறதுதான் பெருசு."

இன்னாசிமுத்துவின் சட்டைப்பையில் சாவி இருந்தது. வளையத்திலிருந்து கிளிப்பச்சை நூல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பெரியநாயகம் கோயில் கோபுரத்தைப் பார்த்தார், அங்கேயும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிளம்புகிற அன்று அந்தோணியம்மாள் விடியுமுன்னே எழுந்து வழிக்கு இட்லி அவித்து டிபன் கேரியரில் கட்டினாள். அதை வாங்கிக்கொண்டு பெரியநாயகம் ஜல்தியாக லாட்ஜுக்கு நடந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. கார்டாக இருந்தவர் வண்டி புறப்படுவதற்கு எத்தனை நேரத்துக்கு முன்னால் தயாராக நிற்பார் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. இன்னாசிமுத்து பெட்டியைக் காலடியில் வைத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கவுண்ட்டரில் நின்று பில்லைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அம்மாள், புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி பெஞ்சில். இன்னும் இரண்டு வெளியூர்க்காரர்கள் சாவி கொடுக்க வந்து நின்றிருந்தார்கள்.

"நல்ல வேளை, வந்தீங்க" என்றார் இன்னாசிமுத்து. "இதைக் கொஞ்சம் பாருங்க."

பெரியநாயகம் மணிபர்சை எடுத்தார். நான் கொடுக்கிறேன், கொடுங்கள், நீங்கள் எங்கள் விருந்தாளி என்று காகிதத்தைப் பிடித்து இழுத்தார்.

"யார் கொடுக்கறதுங்கறது இல்லைங்க. வாடகை இவ்வளவுன்னு முதல்லயே சொன்னாங்க, சரி. இது என்ன விசிறிக்குத் தனியா? வெந்நீர் ஒரு வாளிகூட வரலை, அதுக்குப் பணம். இதைப் பாருங்க, பொட்டலக் காவல்னு ஒண்ணு. என் சம்சாரம் புடவையைத் தலைமாட்டுல வெச்சுகிட்டு ரெண்டு ராத்திரியும் கண்ணே மூடலை. இவங்க எதைக் காவல் காத்தாங்க? நீங்க உள்ளூர்க்காரர், கேளுங்க."

இப்போதும் வழி இருந்தது. பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, போகட்டும் விடுங்கள் என்று பெட்டியைத் தூக்கியிருக்கலாம். இன்னாசிமுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர் என்று வேப்பமரத்தடியில் சொன்ன அதே முகம். அந்த முகத்துக்கு முன்னால் நியாயம் கேட்கிறவனாக நிற்க வேண்டும் என்ற ஆசை பெரியநாயகத்தைப் பிடித்துக்கொண்டது. சடையப்பன் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

சடையப்பன் பதறவில்லை, உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளக்கூடச் செய்தார். அதுவும் வழக்கம்தான். பார்ட்டி முணுமுணுத்தால் தரகர் பொய்க்கோபமாக ஒரு சத்தம் போடுவார், லாட்ஜில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் தள்ளிக் கொடுப்பார்கள், பார்ட்டி மனம் குளிர்ந்து போகும். சடையப்பன் பவ்வியமாகப் பேனாவை எடுத்து, உங்களுக்காக இரண்டு ரூபாய் தள்ளிவிடுகிறேன் என்றார். அவரைப் பொறுத்தமட்டில் நாடகம் அதோடு முடிந்தது.

பெரியநாயகத்துக்கு முடியவில்லை. இரண்டு நாளாக உள்ளே புழுங்கிய வெட்கமெல்லாம் வேறு ஒருத்தன் மேல் கொட்ட வழி கிடைத்ததும் கோபமாகக் கிளம்பியது.

"யாருக்குய்யா வேணும் உன் ரெண்டு ரூபா? வெளியூர் ஜனங்கன்னா தோலை உரிச்சிகினு இருப்பியா? செய்யாத காவலுக்கு கூலி வாங்கறியே, நீயெல்லாம் லாட்ஜ் மேனேஜரா? திருடன்யா நீ. பச்சைத் திருடன்."

நின்றிருந்த வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சடையப்பனின் முகத்திலிருந்த பவ்வியம் மெல்லக் கழன்றது. ஒரு நிமிஷம் பெரியநாயகத்தையே பார்த்தார். விளையாட்டு இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். சாவி வளையத்திலிருந்த கிளிப்பச்சை நூலைக் கத்தரித்துக் கவுண்ட்டர் பலகையில் வைத்தார். இழுப்பறைக்குள் மறுபடி கை விட்டு, சில ரூபாய் நோட்டுகளை எடுத்து அந்த நூலின் மேல் வைத்தார். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்தார்.

"இந்தாங்க, உங்க பாதி. திருடன் கையால வாங்க வேணாம், பலகை மேல வெச்சிருக்கறேன், எடுத்துக்குங்க. உங்க நூலைக் கட்டி நீங்கதான் சாவியக் குடுத்தீங்க. பொட்டலக் காவல் நீங்க சொல்லிக் குடுத்தது. நான் பொறந்ததிலேருந்து திருடன் இல்லீங்க."

 பெஞ்சில் இருந்த அம்மாள் நூலைப் பார்த்தாள், பிறகு பொட்டலத்தைப் பார்த்தாள். சாவிக்குக்கூடப் பட்டா என்று தான் சிரித்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெரியநாயகம் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஆரணித் தரை அப்படியெல்லாம் யாருக்கும் உதவி செய்வதில்லை.

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா சம்பந்தி?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஒருவேளை இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று காத்திருக்கிற குரல்.

இல்லை என்று சொல்லப் பெரியநாயகத்துக்கு இரண்டு மூன்று வழிகள் தெரியும். 

"ஆமாங்க" என்றார். அந்தக் காலையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

இன்னாசிமுத்து பில்லில் இருந்ததை முழுசாகக் கட்டினார், தள்ளுகிறேன் என்ற இரண்டு ரூபாயையும் சேர்த்து. பெரியநாயகம் பெட்டியைத் தூக்கப் போனபோது அதை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், என்ன பெரியநாயகம், காலங்காத்தாலே பார்ட்டியா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பெரியநாயகம் டிபன் கேரியரை நீட்டலாமா வேண்டாமா என்று தடுமாறித் தடுமாறி, கடைசிவரை நீட்டவில்லை. தன் கையால் கொடுக்கிற இட்லியை அவர்கள் எந்த மனசோடு தின்பார்கள் என்று எண்ணினார்.

பஸ் கிளம்புகிற சமயத்தில் இன்னாசிமுத்து ஜன்னலோரம் குனிந்தார். "ஓலை வாசிக்கச் சொல்லிடுங்க. நாங்க பொண்ணைப் பார்த்துத்தான் பேசினது."

கல்யாணம் நிற்கவில்லை. நின்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில், பெண்ணின் வாழ்க்கையை விடத் தன் மானம் பெரிதாகப் போய்விட்டதா என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது கனமாக இருந்த டிபன் கேரியரைப் பார்த்து அந்தோணியம்மாள் கேட்டாள். பொய் சொல்லிப் பார்த்தார், இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கேரியரைத் திறந்து இட்லிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"சாமியார் பங்களா காலியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஆரோக்கியசெல்வி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, குடையும் கையுமாகக் கதவோரம் நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"நான் ட்ரெய்னிங் படிச்சப்போ ஃபீஸ் கட்டினது அந்தப் பணத்துலயாப்பா?"

"எல்லாம் கலந்துதாம்மா இருந்திருக்கும்" என்றார்.  அவள் சாப்பிடாமலே போனாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதேனும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசிக்கும்போதெல்லாம் பெரியநாயகம் தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். யார் எழுந்து என்ன சொல்லப்போகிறார்கள்? இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் இதைச் சொல்லியும் பார்த்தார். சாமியார் ஜெபங்கள் சொல்லச் சொன்னார், இவரும் சொன்னார். கணக்குத் தீர்ந்த மாதிரி இல்லை.

லாட்ஜ் பக்கம் பிறகு அவர் போகவில்லை. பலகை மேல் வைத்த நோட்டுகளைச் சடையப்பன் ஒருநாள் கவரில் போட்டு அனுப்பினார், இவர் திருப்பி அனுப்பினார். அப்புறம் அது எங்கே போயிற்றோ. புடவைத் தரகோடு நிறுத்திக்கொண்டார், தங்கும் பார்ட்டிகளை ரங்கசாமி பார்த்துக்கொண்டார். மஞ்சள் நூல் கட்டின சாவிகளுக்கும் பில்லில் பொட்டலக் காவல் விழுந்துகொண்டுதான் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கைவிட்டாலும் அது பாட்டுக்கு வளர்கிறதைப்போல.

கல்யாணம் திருச்சியில், பொன்மலைக் கோயிலில். பெண் வீட்டார் முதல்நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்தார்கள். தங்க எங்கே இடம் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கவே பெரியநாயகத்துக்கு நா எழவில்லை. இன்னாசிமுத்து தம் வீட்டையே காலி செய்துவைத்திருந்தார். கட்டில்களில் புது விரிப்பு, மூலையில் மண்பானையில் தண்ணீர், மேலே கவிழ்த்த டம்ளர். அவரும் மனைவியும் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டார்கள். பெரியநாயகத்துக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டைப்பூச்சி ஒன்றாவது கடிக்காதா என்று புரண்டு புரண்டு படுத்தார். அது சுத்தமான கட்டில்.

விடியற்காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால், மடித்துக் கட்டின வேட்டியோடு, ஆவி பறக்கிற வாளியைத் தானே தூக்கிக்கொண்டு இன்னாசிமுத்து நின்றார்.

"வெந்நீர் வெச்சிருக்கேன் சம்பந்தி. ஆறிடறதுக்குள்ள குளிச்சிடுங்க."

குத்திக் காட்டுகிற பேச்சு இல்லை அது. அந்த மனிதருக்கு அது வராது. வாளியைக் குளியலறைக்குள் வைத்துவிட்டு நகர்ந்தார். பெரியநாயகம் உள்ளே போனார், தாழ்ப்பாள் போட்டார். நல்ல தாழ்ப்பாள். வாளிக்கு முன்னால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு செம்பு மொள்ளக் கை வரவில்லை. குழாயைத் திறந்தார், பச்சைத் தண்ணீரை மடமடவென்று தலையில் ஊற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே துண்டைக் கட்டி வெளியே வந்தார்.

இன்னாசிமுத்து அங்கேயே இருந்தார், அடுத்த வாளியை யாருக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்துக்கொண்டு.

"சூடு போதுமா இருந்துச்சா?"

"போதுங்க."

சொல்லும்போதே பல் கிட்டியது. இன்னாசிமுத்துவின் பார்வை அவர் தோளுக்கு மேலாக உள்ளே போயிற்று. வாளி நிறைய, ததும்பத் ததும்ப, ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். 

இன்னாசிமுத்து கிட்டே வந்தார். ஈரத் தோளில் கையை வைத்து, குழந்தையைத் திருப்புகிற மாதிரி அவரை உள்பக்கமாகத் திருப்பினார்.

"இது வீடு, சம்பந்தி. போய்க் குளிங்க."

கதவைச் சாத்திக்கொண்டு பெரியநாயகம் அன்றைக்கு இரண்டாம் தடவையாகக் குளித்தார். பெண்ணின் கல்யாணத்தன்று அப்பா அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்த ஒரு வசதி அவருக்கு இருந்தது, வெந்நீர் தீரும்வரை அழுதார்.